பழைய ஸ்போர்ட்ஸ் காரா, புதுசா? செகண்ட்ஹேண்டில் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மச்சானுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் தொழில். இருபது வருடமாக டிப்பரும் பொலிரோவுமாக ஓட்டியவர், ஒருநாள் போன் செய்து, "பெங்களூர்ல ரெண்டு வண்டி பார்த்து வச்சிருக்கேன் மாப்ளே, நீ கூட வா" என்றார். ஒன்று 2014 மாடல் போர்ஷே பாக்ஸ்டர், இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். இன்னொன்று 2018 மாடல் 718 பாக்ஸ்டர். இரண்டுமே கே.ஏ. நம்பர், அதாவது கர்நாடகப் பதிவு. விலையில் நல்ல வித்தியாசம். "எது வாங்கலாம், பழசா புதுசா?" என்று கேட்டார்.

தருமபுரியில் இருந்துகொண்டு சில வருடங்களாக இப்படித் தெரிந்தவர்களோடு வண்டி பார்க்கப் போய் வருகிறேன். எல்லோரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஆர்.சி.யில் இருக்கும் வருடத்தை வைத்து முடிவெடுப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. வண்டிக்கு எத்தனை வயது என்பதைவிட, அதில் எந்த இன்ஜின் இருக்கிறது, இத்தனை நாள் யார் எப்படி வைத்திருந்தார்கள், பழுதானால் நம் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் கொண்டு போக வேண்டும் என்பவைதான் அடுத்த மூன்று வருடத்துச் செலவை முடிவு செய்யும்.

வருடத்தைப் பார்ப்பது, இன்ஜினைப் பார்க்காமல் விடுவது

மச்சான் பார்த்த இரண்டு வண்டிக்கும் பெயர் ஒன்றுதான், ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு. 2014 மாடலில் டர்போ இல்லாத 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின், 265 குதிரைத்திறன். 2016-இல் வந்த 718-இல் 2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ, 300 குதிரைத்திறன். டார்க், அதாவது இழுவிசை, 280-லிருந்து 380 நியூட்டன் மீட்டருக்குப் போய்விட்டது. ஓட்டினால் வித்தியாசம் உடனே தெரியும். ராயக்கோட்டை ரோட்டில் முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் டர்போ வண்டி மிதித்த உடனே பாயும். பழைய ஆறு சிலிண்டரை 5,000 சுற்றுக்கு மேலே கொண்டு போனால்தான் அதன் சத்தமும் சுகமும் தெரியும். அந்தச் சத்தத்துக்காகவே பழையதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. எனக்கும் அதுதான் பிடிக்கும்.

ஆனால் "பழைய போர்ஷே நல்ல வண்டி" என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. முதல் தலைமுறை பாக்ஸ்டரிலும் அதே காலத்து போர்ஷே 911-இலும் இன்ஜினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் ஒரு பேரிங் உண்டு. ஐ.எம்.எஸ். பேரிங் என்பார்கள். அது உடைந்தால் உலோகத் துகள் ஆயிலில் கலந்து, வால்வு டைமிங் தவறி, முழு இன்ஜினும் போய்விடும். எல்லா வண்டியிலும் உடைவதில்லை. ஆனால் உடைந்தால் தப்பாது. பழைய மாடல்களில் கிளட்ச் மாற்றும்போதே கியர்பாக்ஸ் வெளியே இருப்பதால் அந்தப் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடலாம். 2006 முதல் 2008 வரை வந்தவற்றில் பேரிங் பெரியது, வலுவானது. ஆனால் இன்ஜினைப் பிரிக்காமல் அதை எடுக்க முடியாது. 2009 மாடலில் வந்த புதிய இன்ஜினில் அந்தப் பேரிங்கே கிடையாது. அதாவது 2008 வண்டிக்கும் 2009 வண்டிக்கும் நடுவில் இருப்பது ஒரு வயது வித்தியாசம் மட்டும் அல்ல.

எல்லாக் கம்பெனியிலும் இப்படி ஒரு கோடு உண்டு. ஆடி டி.டி. இரண்டாம் தலைமுறையில் 2010-ஐ ஒட்டி வந்த 2 லிட்டர் டர்போவில் டைமிங் செயின் டென்ஷனர் தொல்லையும் ஆயில் குடிக்கும் பழக்கமும் பேர்போனவை. மூன்றாம் தலைமுறையில் இன்ஜினை நிறையத் திருத்திவிட்டார்கள். பி.எம்.டபிள்யூ. இசட்4-இல் 2009-இல் வந்த 35ஐ-க்கு உயர் அழுத்த பெட்ரோல் பம்ப், எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் இரண்டும் பலவீனம். 2019-க்குப் பிறகு வந்த எம்40ஐ-இல் இருக்கும் ஆறு சிலிண்டர் இன்ஜின் நம்பகமானது என்று பேர் வாங்கியது. ஆக, நீங்கள் பார்க்கும் மாடலில் அந்தக் கோடு எந்த வருடத்தில் விழுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கோட்டுக்குப் பிறகு வந்த பழைய வண்டியை நம்பிப் பார்க்கலாம். கோட்டுக்கு முன்னால் வந்தது என்றால், அந்தப் பலவீனத்தைச் சரிசெய்து முடித்த பில் கையில் வேண்டும்.

"கம்மியாத்தான் ஓடியிருக்கு சார்"

புரோக்கர் முதலில் சொல்வது இதுதான். 2014 பாக்ஸ்டர் 16,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. மச்சானுக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது.

ஓடாமல் நிற்கும் வண்டியும் கெடும். ரப்பர் சீல் காய்ந்து ஆயில் கசியும். டயர் ஒரே இடத்தில் நின்று தட்டையாகும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாங்கில் பெட்ரோல் பழசாகும். பேட்டரி சாகும், அது செத்தால் பல கண்ட்ரோல் யூனிட்டுகள் ஏதேதோ எச்சரிக்கை விளக்கைக் காட்டும். இந்த வண்டியின் டயர் பக்கவாட்டில் 3514 என்று இருந்தது. நான்கு இலக்கத்தில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். அப்படியென்றால் 2014-இல் 35-ஆம் வாரம் செய்த, வண்டியோடு வந்த டயர்! பூ அப்படியே இருந்தது. ஆனால் ஆறு வருடத்தைத் தாண்டிவிட்டால் வேக வண்டிக்கு அந்த டயரை நம்பக் கூடாது, ரப்பர் கெட்டிப்பட்டுவிடும். நான்கையும் மாற்றும் செலவைக் கேட்ட விலையில் கழித்துப் பேச வேண்டும்.

கிலோமீட்டர் உண்மையா என்பது தனி விஷயம். மீட்டரைத் திருப்பினாலும், இதுபோன்ற வண்டிகளில் கியர்பாக்ஸ் போன்ற வேறு கண்ட்ரோல் யூனிட்டுகளிலும் ஓடிய கணக்கு பதிவாகியிருக்கும். நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சேசிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவைக் கேட்டுப் பார்க்கலாம். பாக்ஸ்டரின் கிலோமீட்டர் உண்மைதான். ஆனால் நடுவில் நான்கு வருடத்துக்கு ஒரு சர்வீஸ் பில் கூட இல்லை. ஓடவில்லை என்பதால் ஆயிலே மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றி 55,000 ஓடிய வண்டியை இதைவிட நான் முன்னால் வைப்பேன்.

புதியது என்றால் பத்திரம் என்று நம்புவது

2018 வண்டியைப் பார்த்தால் ஷோரூமிலிருந்து இறக்கியது போலப் பளபளப்பு. மச்சான் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு அடியில் மண்நிறக் கோடு. சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்பு ரெயிலில் துரு. மேட்டைத் தூக்கினால் லேசாகப் பூஞ்சை வாடை.

கிருஷ்ணகிரி, பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவில் இருக்கிறது. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம். பெங்களூரில் 2022 செப்டம்பரில் பெரிய வில்லாக் குடியிருப்புகளுக்குள்ளேயே தண்ணீர் ஏறி விலையுயர்ந்த கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டிகளில் சில துடைத்து, காயவைத்து, மறுபடி சந்தைக்கு வருகின்றன. வயரிங்கில் புகுந்த தண்ணீர் உடனே வேலையைக் காட்டாது. ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாகத் தொடங்கும். இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றைக் கேட்டு வாங்காமல் இதுபோன்ற வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பெயின்ட் கனத்தை அளக்கும் கருவி இப்போது ஆயிரங்களில் கிடைக்கிறது. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரைதான் காட்டும். ஒரு கதவில் மட்டும் 400 காட்டினால் அங்கே டிங்கரிங் நடந்திருக்கிறது.

புதிய வண்டியில் வாரன்டி மிச்சம் இருந்தால் அது பெரிய பலம், சந்தேகமில்லை. ஆனால் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. வாரன்டி எந்தத் தேதி வரை, அடுத்த ஓனருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

காகிதத்தைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது

இந்த இடத்தில்தான் நம் மாவட்டத்துக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் அனுபவம். பெங்களூர் பக்கத்தில் இருப்பதால் கே.ஏ. வண்டியை எடுத்து, அப்படியே வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி, வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. என்னும் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே லைஃப் டாக்ஸ் கட்டி, கிருஷ்ணகிரி என்றால் டி.என். 24, தருமபுரி என்றால் டி.என். 29, ஓசூர் என்றால் டி.என். 70 நம்பருக்கு மாற்ற வேண்டும். பெயர் மாற்ற படிவம் 29, 30; கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் படிவம் 35. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 20 சதவீதம் வரி. பழைய வண்டிக்கு வயதுக்கு ஏற்பக் குறையும் என்றாலும் ஸ்போர்ட்ஸ் காருக்கு அது சின்னத் தொகை அல்ல. விலை பேசுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கணக்குக் கேட்டுவிடுங்கள்.

பழைய வண்டியில் இன்னொரு கெடுவும் உண்டு. சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 வருடத்தோடு முடியும். அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2012-இல் பதிவான வண்டிக்கு 2027-இல் அந்த வேலை வருகிறது. உள்நாட்டுக் காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கு 40,000. இருபது வருடம் தாண்டினால் 2025 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு இரண்டும் இரட்டிப்பு.

இறக்குமதி வண்டி என்றால் சுங்க ஆவணத்தையும் பாருங்கள். 2025 செப்டம்பரில் கேரளத்தில், பூட்டான் வழியாகக் கடத்தி வந்ததாகச் சந்தேகித்துச் சுங்கத்துறை பல கார்களைப் பறிமுதல் செய்தது. வண்டி போனால் கடைசியாக வாங்கியவர்தான் நிற்க வேண்டும்.

வாங்கும் விலையோடு கணக்கை நிறுத்துவது

பழைய வண்டியின் விலை குறையும், பாகத்தின் விலை குறையாது. புதிதாக வந்தபோது கோடியை ஒட்டி விற்ற வண்டியின் பிரேக் டிஸ்க், அது பத்து வருடம் கழித்துப் பாதிக்கும் கீழே விற்றாலும், அதே விலைதான். இன்சூரன்ஸில் ஐந்து வருடத்தைத் தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்கிறீர்கள். பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப், வயதான வண்டிக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அது இல்லையென்றால் பம்பர் போன்ற பிளாஸ்டிக், ரப்பர் பாகத்துக்குப் பாதிப் பணம் உங்கள் கையிலிருந்துதான். விற்பவர் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது.

போர்ஷேவுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து கிட்டத்தில் பெங்களூர்தான், 90 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து இன்னும் 45. தரையை ஒட்டிய வண்டியைச் சாதாரண ரெக்கவரி வண்டியில் கொக்கி போட்டு இழுக்க முடியாது, ஃப்ளாட்பெட் வேண்டும். உங்களுக்கு அருகில் நல்ல மெக்கானிக் இல்லையென்றால் ஓரிரு வருடம் புதிய வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது சரிதான். அந்த வசதி இல்லாதவர்கள் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். மாதிரி, சேலத்திலேயே கை வைக்கக்கூடிய வண்டியைப் பார்ப்பதில் எந்தக் குறைவும் இல்லை. பின்சீட்டில் பிள்ளைகளும் உட்காரலாம்.

ஷோரூம் வாசலில் ஒரு சுற்றோடு முடிப்பது

எம்.ஜி. ரோட்டில் இரண்டு சிக்னல் ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. விற்பவர் சம்மதித்தால் நம் பக்கம் கொண்டு வாருங்கள். தொப்பூரிலிருந்து தருமபுரி நோக்கி ஏசியைப் போட்டு, லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஏறினால் கூலன்ட் சூடு, கியர் உதறல், கிளட்ச் வழுக்கல் எல்லாம் வெளியே வரும். இறங்கும் பக்கத்தில் எந்தச் சோதனையும் வேண்டாம். அந்த இறக்கத்தில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். அப்புறம் உங்கள் தெருவுக்கே ஓட்டி வந்து, உங்கள் வீட்டு வேகத்தடையில் அடி உரசுகிறதா என்று பாருங்கள்.

பெட்ரோலையும் யோசியுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவை அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. வண்டியோடு வந்த கையேட்டில் எவ்வளவு எத்தனால் வரை ஒத்துக்கொள்ளும் என்று போட்டிருக்கும். பழைய வண்டியில் பெட்ரோல் ஹோஸ், சீல் இரண்டையும் மெக்கானிக்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மச்சான் அன்றைக்கு இரண்டையும் விட்டுவிட்டு வந்தார். ஓசூர் தாண்டும் வரை பேசவில்லை. ஐந்து மாதம் கழித்து 2015 மாடல் பாக்ஸ்டர் ஒன்று கிடைத்தது. 52,000 கிலோமீட்டர், ஒரே ஓனர், ஒரு தடிமனான ஃபைல் நிறைய பில். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியது வரை தேதியோடு இருந்தது. டி.என். 24 நம்பர் வந்த மறுநாள் நான்கு டயரையும் பிரேக் ஆயிலையும் மாற்றினார். அதற்கான பணத்தை விலை பேசும்போதே தனியாக எடுத்து வைத்திருந்தார்.