ரியல் ஐடி எடுக்கப் போகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு விமானத்தில் செல்ல, 18 வயது நிரம்பியவர்கள் பாதுகாப்புச் சோதனையில் காட்டும் ஓட்டுநர் உரிமம், ‘ரியல் ஐடி’ எனப்படும் கூட்டரசின் அடையாள அட்டைத் தரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 2025 மே 7 அன்று நடைமுறைக்கு வந்தது. செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 2005இல் இயற்றப்பட்ட சட்டம் இது. கெடு பலமுறை தள்ளிப்போனதால், இன்னொரு முறையும் தள்ளிப்போகும் என்று நம்பி இருந்துவிட்டவர்கள் நம்மில் ஏராளம். இனி அப்படி இருக்க முடியாது. 2026 பிப்ரவரி 1 முதல், ஏற்கத்தக்க அடையாள அட்டை இல்லாமல் வருபவர் 45 டாலர் கட்டி, ‘கன்ஃபர்ம் ஐடி’ என்ற சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும். அந்தக் கட்டணம் பத்து நாள் பயணத்துக்கு மட்டுமே செல்லும். ஆள் யாரென்று உறுதிப்படாவிட்டால் பணம் கட்டியவரையும் திருப்பி அனுப்பலாம்.

இந்தச் செய்தியைக் கேட்டதும் பதறிப்போய், ஓட்டுநர் உரிமம் வழங்கும் மாநிலத் துறையான டிஎம்வியின் அலுவலக வரிசையில் நிற்பதுதான் முதல் தவறு. உள்நாட்டு விமானத்துக்கு ரியல் ஐடி ஒன்றே வழி என்பதில்லை. காலாவதியாகாத இந்திய பாஸ்போர்ட், இலங்கை பாஸ்போர்ட் உள்ளிட்ட வெளிநாட்டு பாஸ்போர்ட்டுகள், கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை, அமெரிக்க பாஸ்போர்ட், முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட பயணிகளுக்குத் தரும் குளோபல் என்ட்ரி அட்டை ஆகிய எதைக் காட்டினாலும் போதும். பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோர் நியூயார்க்கிலிருந்து டல்லாஸுக்குப் போக அவர்களுடைய பாஸ்போர்ட்டே போதும். அதன் நகலோ, கைபேசியில் எடுத்த படமோ, ஆதார் அட்டையோ போதாது. விமான நிலையச் சோதனையை நடத்தும் டிஎஸ்ஏ அமைப்பின் ப்ரீசெக் (விரைவு வரிசை) எண் வைத்திருப்பவர்களும் அது அடையாள அட்டை ஆகாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த எண் எந்த வரிசையில் நிற்கலாம் என்பதைத்தான் தீர்மானிக்கிறது.

அப்படியானால் ரியல் ஐடி எதற்கு என்று கேட்கலாம். இந்திய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும்போது, திடீரென வேறு மாநிலத்துக்குப் பறக்க வேண்டிய நிலை வந்தால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. தவிர, விசா ஒட்டிய பாஸ்போர்ட்டை ஒவ்வொரு சிறு பயணத்துக்கும் எடுத்துச் சென்று எங்கேனும் தொலைத்துவிட்டால் ஏற்படும் துன்பம் சாதாரணமானதல்ல. ஆகவே அவசரம் இல்லாத காலத்திலேயே நிதானமாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது என்பதே என் கருத்து.

அதற்கு முன் கையிலுள்ள உரிமத்தை ஒருமுறை பாருங்கள். அண்மையில் வாங்கிய உரிமம் என்பதாலேயே அது ரியல் ஐடி ஆகிவிடாது. பல மாநிலங்கள் இரண்டு வகைகளையும் தருகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அட்டையின் மேல் மூலையில் நட்சத்திரம் இருக்கும். கலிபோர்னியாவில் தங்கநிறக் கரடிக்குள் நட்சத்திரம் இருக்கும். ‘ஃபெடரல் லிமிட்ஸ் அப்ளை’ போன்ற வாசகம் அச்சிடப்பட்டிருந்தால் அது ரியல் ஐடி அல்ல.

நம்மவர்களுக்கு ஏற்படும் அலைச்சலில் பெரும்பகுதி, ஆவணம் இல்லாததால் வருவதன்று; இருக்கும் ஆவணங்களில் பெயர் ஒன்றுபோல் இல்லாததால் வருவது. தமிழ்நாட்டில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்தே நாம் வாழ்ந்து பழகிவிட்டோம். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்தத் தலைப்பெழுத்தை விரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் சிலர் எழுதுகிறார்கள். சிலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு எல்லாவற்றையும் பெயர்க் கட்டத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒரே கட்டத்தில் பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக வைத்து, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’, அதாவது முதற்பெயர் தெரியவில்லை, என்று அச்சிடுகிறார்கள். பிறகு சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் ஒரு விதமாகவும், நாட்டுக்குள் நுழையும்போது பதிவாகும் ஐ-94 வருகைப் பதிவில் இன்னொரு விதமாகவும், பழைய உரிமத்தில் வேறொரு விதமாகவும் ஒரே மனிதர் மூன்று பெயர்களில் நடமாடத் தொடங்குகிறார்.

சாதாரண நாட்களில் இதனால் பெரிய தொல்லை இராது. ரியல் ஐடிக்கு விண்ணப்பிக்கும்போது, டிஎம்வி உங்கள் விவரங்களைச் சோஷியல் செக்யூரிட்டி பதிவுகளோடும், குடிவரவுத் துறையின் ‘சேவ்’ பதிவுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அங்கே பெயர் இசையாவிட்டால் விண்ணப்பம் நின்றுவிடும். எதிரில் அமர்ந்திருக்கும் அலுவலர் எவ்வளவு கனிவானவராக இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே புறப்படுவதற்கு முந்தைய வாரமே எல்லா ஆவணங்களையும் மேசை மேல் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் திருத்திக்கொண்டு, அந்தத் திருத்தம் பதிவேறச் சில நாட்கள் விட்டு, அதன் பிறகே டிஎம்விக்குச் செல்ல வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள் இரண்டு முறை அலைகிறார்கள். விமானச் சீட்டில் உள்ள பெயரும் சோதனையில் காட்டப்போகும் அட்டையில் உள்ள பெயராகவே இருக்க வேண்டும் என்பதால், சீட்டு எடுக்கும்போதே எந்த அட்டையைக் காட்டுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

திருமணத்துக்குப் பின் தகப்பனார் பெயர் இருந்த இடத்தில் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஓர் ஆவணத்தில் பழைய பெயரும் மற்றொன்றில் புதிய பெயரும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் அரசுச் சான்று தேவைப்படும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெற்ற திருமணப் பதிவுச் சான்றிதழ் அதற்கு உதவும். கோயிலில் கொடுத்த ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் உதவா. திருமணத்தைப் பதிவு செய்யாமலே இங்கு வந்துவிட்டவர்கள், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக அதை முடித்துக்கொள்வது நல்லது.

பெயருக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது தேதி. எச்1பி (வேலை), எச்4 (எச்1பி உள்ளவரின் குடும்பத்தினர்), எஃப்1 (மாணவர்) போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்களின் ரியல் ஐடி, அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட தங்கல் முடியும் நாளோடு காலாவதியாகும். ஐ-94இல் முடிவு நாள் குறிக்கப்படாத மாணவர்களுக்கு ஓராண்டுதான் கிடைக்கும். இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. நாட்டுக்குள் நுழையும்போது பாஸ்போர்ட்டின் ஆயுள் குறைவாக இருந்தால், வேலை அனுமதி இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தாலும், ஐ-94ஐ பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளோடு முடித்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், டிஎம்வி தந்த உரிமம் எட்டே மாதத்தில் முடிவதைப் பார்த்து ஏதோ அச்சுப்பிழை என்று எண்ணித் தேடியபோதுதான், அவர்களுடைய ஐ-94 அந்த நாளில் முடிகிறது என்பதே தெரியவந்தது. அவர்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் உரிமம் மட்டுமல்ல, நாட்டில் தங்கும் உரிமையே கையைவிட்டுப் போயிருக்கும். ஒவ்வொரு முறை ஊரிலிருந்து திரும்பியதும் புதிய ஐ-94ஐ இணையத்தில் எடுத்து, பெயரும் முடிவு நாளும் சரியாக உள்ளனவா என்று பார்த்து, டிஎம்விக்கு அதையே கொண்டு செல்லுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய அச்சுப்படி பயன்படாது.

விதிமுறை பொதுவாகக் கேட்பது, செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அதில் காலாவதியாகாத விசா, ஐ-94 ஆகிய மூன்றையும். நாட்டை விட்டு வெளியேறாமலே அனுமதியை நீட்டித்து, குடிவரவுத் துறையின் ஐ-797 ஒப்புதல் கடிதம் வைத்திருப்பவர்களின் பாஸ்போர்ட்டில் விசா முடிந்துபோயிருக்கும். உங்கள் மாநிலம் இதற்கு எந்தத் தாள்களை ஏற்கிறது என்பதை அம்மாநில டிஎம்வியின் ஆவணப் பட்டியலில் பார்க்காமல், வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பர் சொன்னதை நம்பிப் போவது வீண். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதும் இணைய முகவரி ‘டாட் கவ்’ என்று முடிகிறதா என்று கவனியுங்கள். டிஎம்வி போலவே தோற்றமளித்துப் பணம் பறிக்கும் தளங்கள் இருக்கின்றன.

முகவரிக்கு இரண்டு ஆவணங்கள் வேண்டும். தபால் பெட்டி எண் ஏற்கப்படாது. நம் வீடுகளில் வாடகை ஒப்பந்தம், மின்கட்டணம், இணைய இணைப்பு எல்லாம் கணவர் பெயரிலேயே இருப்பதால், எச்4 விசாவில் உள்ள மனைவி அந்த வீட்டில் வசிக்கிறார் என்பதற்கே சான்றில்லாமல் நிற்கிறார். ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் சேர்த்து, மின்கட்டணத்தையோ வங்கிக் கணக்கையோ அவர் பெயரில் வைத்தால் தீர்ந்துவிடும். இது டிஎம்விக்காக மட்டும் செய்ய வேண்டிய காரியமன்று. வேலை அனுமதி இல்லாததால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணே இல்லாதவர்கள், அந்த எண்ணுக்குத் தகுதியில்லை என்று அவ்வலுவலகம் தரும் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியிருக்கலாம். எண் உள்ளவர்கள் சம்பளச் சீட்டைக் காட்டினால், அதில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி மறைத்திருக்கக் கூடாது.

எல்லாம் சரியாக முடிந்தாலும் பல மாநிலங்களில் அட்டை அன்றைக்கே கையில் கிடைக்காது. பெரும்பாலும் தபாலில் வரச் சில வாரங்கள் ஆகும். இடைக்காலமாகத் தரும் காகித உரிமத்தை விமான நிலையத்தில் ஏற்பதில்லை. பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது விண்ணப்பிப்பவர்கள் பாஸ்போர்ட்டையே நம்ப வேண்டியிருக்கும். டொராண்டோவில் இருக்கும் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குக் காரில் போகிறவர்களும் ரியல் ஐடியை நம்பி எல்லைக்குச் செல்லக் கூடாது. அது எந்த நாட்டு எல்லையிலும் பாஸ்போர்ட்டுக்கு மாற்றாகாது.

அமெரிக்கக் குடியுரிமை பெறப்போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உறுதிமொழி எடுக்கும் நாளில் கிரீன் கார்டைத் திருப்பித் தந்துவிடுவீர்கள். அதன் பிறகு இந்திய பாஸ்போர்ட்டைப் பயன்படுத்துவது இந்தியச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும், நீங்கள் பின்னர் வாங்கும் ஓசிஐ அட்டையும் டிஎஸ்ஏ ஏற்கும் பட்டியலில் இல்லை. அமெரிக்க பாஸ்போர்ட் வந்து சேரும் வரை உங்கள் கையில் இருக்கக்கூடிய ஒரே பயண அடையாளம் பெரும்பாலும் ரியல் ஐடியாகத்தான் இருக்கும். உறுதிமொழி நாளுக்கு முன்பே அதை வாங்கி வைத்துவிடுங்கள்.