பெண் வயதுக்கு வரும் முன்பே பேசிவிடுங்கள்: செட்டிநாட்டு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு பெண் வயதுக்கு வந்துவிட்டால் தாய்மாமனுக்குப் போன் பறக்கும், மண்டபம் பார்ப்பார்கள், பிளெக்ஸ் அடிப்பார்கள், உளுந்தங்களி கிண்டுவார்கள். உடம்பில் என்ன நடந்தது என்று அவளை உட்காரவைத்துச் சொல்லத்தான் ஆள் இருக்காது. பெரிய தவறு இதுதான்.

எட்டு வயதிலிருந்து பதின்மூன்றுக்குள் மார்பு அரும்பத் தொடங்கும். அதிலிருந்து இரண்டு, மூன்று வருடத்தில் முதல் மாதவிடாய். அப்படியானால் நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். "சின்னப் பிள்ளைக்கு இப்ப எதுக்கு?" என்று தள்ளிப்போட்டால், பள்ளிக் கழிப்பறையில் ரத்தத்தைப் பார்த்து நோய் வந்துவிட்டதென்று அந்தப் பிள்ளை நடுங்கும். பெரிய பாடமெல்லாம் வேண்டாம். தலை பின்னிவிடும்போது, "ஆத்தா, இன்னும் கொஞ்ச நாள்ல உனக்கு மாசாமாசம் ரத்தம் வரும். அடியும் இல்ல, நோயும் இல்ல. பள்ளிக்கூடத்துல வந்தா டீச்சர்கிட்ட சொல்லு, பையில நாப்கின் வச்சிருக்கேன்" என்றால் போதும்.

அப்பத்தா காலத்தில் மாதவிடாய் வந்தால் வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் ஒரு மூலை, தனித் தட்டு, பழைய சேலைத் துணி. அடுத்த தலைமுறைக்கு உயிரியல் புத்தகத்தில் பாடம் இருந்தது. "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பிவிட்ட ஆசிரியர்களும் இருந்தார்கள். 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வியை 2007-ல் பல மாநிலங்கள் எதிர்த்து நிறுத்தின. தமிழ்நாட்டில் 2011-ல் அறிவிக்கப்பட்ட புது யுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயது வரையிலான கிராமப்புறப் பெண்களுக்கு இலவச நாப்கின் வந்தது, ஆறு நாப்கின் கொண்ட பாக்கெட் வருடத்துக்கு 18. நல்ல காரியம். ஆனால் பாக்கெட் கைக்கு வந்ததுமே எல்லாம் சொல்லிக்கொடுத்தாயிற்று என்று பெற்றோர் இருந்துவிடுகிறோம். ரத்தப்போக்கு குறைவாக இருந்தாலும் நான்கு முதல் ஆறு மணிநேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்?

துணி பயன்படுத்துவதில் தவறில்லை, அதை ஒளித்துக் காயப்போடுவதுதான் தவறு. வளவு என்கிற நடுமுற்றம் நிறைய வெயில் விழும் வீட்டில் பின்கட்டு இருட்டில், பாவாடைக்கு அடியில் ஈரத்துணி தொங்கும். நன்றாகத் துவைத்து, வெயிலில் முழுக்க உலர்த்துங்கள்.

சாப்பாட்டு விஷயம். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் பச்சை முட்டை வேண்டாம். அதில் கிருமி இருக்கலாம், அவித்தே கொடுங்கள். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டியதும், அடுத்த வாரம் தூக்கி எறியும் பிள்ளைகள் உண்டு. சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். உடனே டீ, காபி கொடுத்தால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

அப்புறம், ஆண்பிள்ளைகளை மறந்தே போகிறோம். 2014-ல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. சத்துணவு, மனநலம், போதை, வன்முறை என்று அதன் வட்டமும் பெரிது. நம் வீட்டில் மட்டும் அவன் குரல் உடைந்தால் சிரிக்கிறோம். தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு என்று அப்பாவோ மாமாவோ சொல்லாவிட்டால், சுவரொட்டி வைத்தியர்தான் சொல்வார், "நரம்புத் தளர்ச்சி" என்று பயமுறுத்திப் பணமும் பிடுங்குவார். அக்காவின் மாதவிடாய் பற்றியும் அவனுக்குத் தெரியட்டும். கேலி செய்ய மாட்டான்.

முதல் ஒன்றிரண்டு வருடம் நாள் தள்ளிப்போவது சகஜம், அதற்காகக் குறி சொல்லும் கோடாங்கியிடம் ஓட வேண்டாம். எட்டு வயதுக்கு முன்பே மாற்றம் தெரிந்தாலும், 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலும், ஏழு நாளுக்கு மேல் ரத்தம் போனாலும், மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும், வலியால் பள்ளிக்குப் போக முடியாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.