ஒரு கணினியின் ரேமைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவதற்கு முன்

பழைய மேசைக் கணினி ஒன்று மூலையில் கிடக்கிறது, அதன் ரேமை, அதாவது தற்காலிக நினைவகத்தை, கழற்றி இதில் போட்டால் வேகம் கூடுமா என்று யாராவது கேட்டு வராத வாரமில்லை. போடலாம், பல நேரம் ஒத்தும் போகும். ஒத்துப்போகாதபோது, கணினி பழுதுபார்க்கும் தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள் நாங்கள் ஒரு காலத்தில் விழுந்த அதே பள்ளங்களில் போய் விழுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு தலைமுறையின் டிடிஆர்3 ரேமை அடுத்த தலைமுறையின் டிடிஆர்4 ஸ்லாட்டில் போடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை. அடிவிளிம்பில் இருக்கும் வெட்டு தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறுகிறது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் முனைகள் 288தான் என்றாலும் வெட்டு ஒரே இடத்தில் இல்லை. உட்காராத ரேமை அழுத்தி ஸ்லாட்டை உடைப்பவருக்குச் சொல்ல என்னிடம் யோசனை எதுவும் இல்லை.

## சர்வர் ரேமை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். இங்கே வெட்டு உங்களைக் காப்பாற்றாது. டிடிஆர்4 சர்வர் ரேமும் சாதாரண மேசைக் கணினியின் ரேமும் ஒரே நீளம், ஒரே வெட்டு. இரண்டும் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், இரு பக்கக் கொக்கியும் 'டக்'கென்று மூடும். கணினி மட்டும் இயங்காது.

திருமண ஆல்பம் வடிவமைக்கும் ஒருவரிடம் 8 ஜிபி ரேமோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி இருந்தது. பெரிய கோப்புகளைத் திறந்தால் திணறுகிறது என்று, பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் 16 ஜிபி ரேம் இரண்டு வாங்கினார். விலை, வழக்கமானதில் பாதிகூட இல்லை. மாட்டினார். பீப் சத்தம் வந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், "போர்டு போய்விட்டது சார்" என்று சொல்லிவிட்டார். வேறு மதர்போர்டு வாங்கினார்கள். அதிலும் அதே பீப். அடுத்து பிராசஸர் மீது சந்தேகம் வந்த கட்டத்தில்தான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார்.

பையிலிருந்த பழைய 8 ஜிபி ரேமை, "போய்விட்ட" பழைய போர்டில் மாட்டி இயக்கினேன். உடனே திரை வந்தது. மெக்கானிக் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் மதர்போர்டுக்குக் கொடுத்த பணம் மிஞ்சியிருக்கும். புதிய ரேம் போட்டதும் கணினி நின்றுபோனால், பழைய ரேமைத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது. இதைக்கூடச் செய்யாதவர் எதற்காக ஸ்குரூடிரைவரைத் தூக்குகிறார் என்று எனக்குப் புரிவதில்லை. விற்றவரிடம் போய்க் கேட்டதற்கு, டிடிஆர்4 என்று கேட்டீர்கள், டிடிஆர்4 கொடுத்தேன் என்றாராம். அவர் சொன்னதில் பொய் இல்லை.

சர்வர்களில் ஏராளமான ரேம்களை மாட்ட வேண்டியிருக்கிறது. அதனால் பிராசஸரிலிருந்து வரும் கட்டளைகளையும் முகவரிகளையும் முதலில் வாங்கி, பிறகு சிப்புகளுக்கு அனுப்ப, ரெஜிஸ்டர் என்ற தனிச் சிப் இந்தச் சர்வர் ரேம் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. சாதாரண மேசைக் கணினியின் பிராசஸர் இடையில் யாரும் இல்லாமல் சிப்புகளோடு நேரடியாகப் பேசும்படி அமைந்தது. போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தாலும் இது மாறாது. டேட்டா சென்டர்கள் பழைய சர்வர்களைக் கழிக்கும்போது இந்த ரேம்கள் மொத்தமாகச் சந்தைக்கு வருகின்றன. அவற்றை ஏற்கும் கணினிகளோ குறைவு. விலை குறைவதற்கு வேறு மர்மம் தேவையில்லை.

கண்டுபிடிப்பது எளிது. லேபிளில் '2ஆர்எக்ஸ்4 பிசி4-2400டி-ஆர்ஏ1' என்பது போல ஆங்கில எழுத்துகளில் ஒரு வரி இருக்கும். முதலில் வரும் '2ஆர்' ரேங்க் கணக்கு, அதாவது சிப்புகள் எத்தனை தொகுதி என்பது. அது எல்லா ரேமிலும் வரும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வேகத்தைச் சொல்லும் எண்ணுக்குப் பிறகு ஒரு கோடு இருக்கிறதே, அதற்கு அடுத்த எழுத்தைப் பாருங்கள். 'ஆர்' என்றால் ரெஜிஸ்டர் உள்ளது, வாங்காதீர்கள். 'எல்' இருந்தாலும் சர்வருக்குத்தான். 'யு' என்றால் உங்களுக்கானது. 'ஈ' என்றால் பிழை திருத்தும் வசதி உண்டு, ரெஜிஸ்டர் இல்லை. அது பல மேசைக் கணினிகளில், அந்த வசதி பயன்படாமலே, ஓடிவிடும்.

லேபிள் கிழிந்திருந்தால் ரேமின் நடுப்பகுதியைப் பாருங்கள். நினைவகச் சிப்புகளிலிருந்து அளவில் மாறுபட்ட ஒரு சிப் நடுவில் இருந்தால் அதுதான் ரெஜிஸ்டர். அரிசி மணி அளவில் எட்டுக் கால்களோடு இருக்கும் பொடிச் சிப்பை அதுவென்று நினைத்துவிடாதீர்கள். அது ரேமின் விவரங்களைப் பதிந்து வைத்திருப்பது, எல்லாவற்றிலும் உண்டு.

டிடிஆர்5-இல் சர்வர் ரேமின் வெட்டையே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தாமதமாகவாவது யாருக்கோ தோன்றியிருக்கிறது.

## சிப்புகளை எண்ணாமல் வாங்குவது

இன்டெலின் ஜி41 சிப்செட் (பிராசஸரை ரேமோடு இணைக்கும் சிப்) உள்ள பழைய போர்டுகள் இன்னும் பில் போடும் கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. டிடிஆர்3 ஸ்லாட் உள்ள ஜி41 போர்டில், பின்னால் வந்த கணினியிலிருந்து கழற்றிய 4 ஜிபி ரேமைப் போட்டால் பெரும்பாலும் ஏற்காது. ஒரு பக்கம் மட்டும் எட்டுச் சிப் உள்ள 4 ஜிபி ரேமில் ஒவ்வொரு சிப்பும் 4 ஜிகாபிட் (8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி). அந்தக் காலச் சிப்செட்டுக்கு 2 ஜிகாபிட்டுக்கு மேல் தெரியாது. இரு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப் உள்ள 4 ஜிபி ரேம் அதே போர்டில் ஓடும். தலைமுறை, வேகம், கொள்ளளவு எல்லாம் ஒன்றாக இருந்தும் ஒன்று ஓடி மற்றொன்று ஓடாததைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள், ரேமைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தால் போதும்.

## ஏஎம்டி பிராசஸருக்கு மட்டும் என்று எழுதியிருக்கும் ரேமை இன்டெலில் போடுவது

எழுதியிருக்கிறது அல்லவா?

## வேகம் வேறானால் ஓடாது என்று பயப்படுவது

2666-உம் 3200-உம் சேர்ந்தால் வழக்கமாக இரண்டும் 2666-இல் ஓடும்.

## மேசைக் கணினி என்றாலே நீளமான ரேம் என்று நினைப்பது

திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய கணினிகளிலும், கையளவுக் குட்டிப் பெட்டிகளிலும் பெரும்பாலும் மடிக்கணினியின் குட்டை ரேம்தான் இருக்கும். கடைக்குப் போவதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள்.

## மின்சாரம் இருக்கும்போதே கழற்றுவது

கணினியை அணைத்தாலும் போர்டுக்கு 5 வோல்ட் வந்துகொண்டுதான் இருக்கும். கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, மிச்சத்தையும் வெளியேற்றிய பிறகே ரேமில் கை வைக்க வேண்டும்.

## உப்புத்தாளால் முனைகளைத் தேய்ப்பது

பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பான் போதும். மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். உப்புத்தாள் தங்க முலாமையே உரித்துவிடும்.

## டிடிஆர்5 கணினியை அவசரப்பட்டு அணைப்பது

ரேமை மாற்றிய பிறகு முதல் முறை இயக்கும்போது, கணினி அதைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். மின்விசிறி சுழல்கிறதா? ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.