மழைக்குள் கன்று வாங்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்

ஐப்பசி மழை தொடங்கியதும் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை வீதியில் கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று மரக்கன்று தேடி ஓடுகிற வாகனங்கள் கூடிவிடும். நடுவதற்கு இதைவிட நல்ல காலம் எங்களுக்கு இல்லை. மார்கழி வரைக்கும் வானமே தண்ணீர் ஊற்றும். ஆனால் புதிதாக வளவு வைக்கத் தொடங்கியவர்கள் ஒவ்வொரு மாரிக்கும் அதே பிழைகளை விடுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. குடை, படங்கு, சில்லறைக் காசு பற்றியெல்லாம் சொல்லத் தேவையில்லை.

இலையைப் பார்த்து மாங்கன்று வாங்குவது

மழையில் நனைந்த கன்று எல்லாமே அழகுதான். தூசி கழுவுப்பட்டு, புதுத்துளிர் விட்டு நிற்கும். குடைக்குள் நின்றபடியே கை நீட்டி, "அண்ணை, அந்தச் செழிப்பான கறுத்தக்கொழும்பானை எடுங்கோ" என்பார்கள். அங்கேதான் பிழை.

ஒட்டுக்கன்று என்பது இரண்டு மரம். அடியில் ஏதோ ஒரு மாங்கொட்டையில் முளைத்த கட்டை, அதன்மேல் ஒட்டியது கறுத்தக்கொழும்பான் மாதிரி நாங்கள் விரும்பும் மா இனம். அடிக்கட்டைக்கு மழை கிடைத்தால் ஒட்டுக்குக் கீழேயிருந்தும் துளிர் தள்ளும். அது மேலே உள்ளதைவிட வேகமாக வளரும். கவனிக்காமல் விட்டால் ஒட்டிய பகுதி காய்ந்துபோய், அடிக்கட்டையின் கிளையே கன்றாகிவிடும். பார்வைக்கு அதுதான் எல்லாவற்றிலும் செழிப்பான கன்று!

என் தங்கை வீட்டில் நடந்தது இதுதான். கொட்டுகிற மழையில் மச்சான் காரை விட்டு இறங்காமலே வாங்கி வந்தார். ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருடத்தில் காய்க்க வேண்டும். இது கிளை விட்டு முற்றத்தையே மறைத்தது, பூக்கவில்லை. கடைசியில் ஒருநாள் காய்த்தது: சின்னக் காய், முழுக்க நார், பல் கூசும் புளி. அடிமரத்தைப் போய்ப் பார்த்தேன். ஒரு சாண் உயரத்தில், விரல் நீளத்துக்குக் காய்ந்த குச்சி ஒன்று, ஒட்டுக்குச் சுற்றிய பொலித்தீன் நாடாவோடு இன்னும் அப்படியே இருந்தது. அதுதான் அவர்கள் காசு கொடுத்து வாங்கிய கறுத்தக்கொழும்பான். இவ்வளவு வருடமும் தண்ணீரும் எருவும் போட்டு வளர்த்த மரத்தை வெட்டவும் தங்கைக்கு மனமில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நிமிடம் குனிந்திருந்தால் போதும்.

ஆகவே நனைந்தாலும் பரவாயில்லை, இறங்குங்கள். மழை தெறித்த சேறு ஒட்டை மூடியிருக்கும். தண்டை விரலால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒட்டிய இடம் சற்றுத் தடித்து, மேலும் கீழும் பட்டை வேறு வேறாகத் தெரியும். நல்ல துளிரைப் பிடித்துக்கொண்டு கீழே வாருங்கள். அது ஒட்டுக்கு மேலே தொடங்கினால் வாங்கலாம். கீழே தொடங்கினால், மேல் பகுதியும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கீழ்த்துளிரைக் கிள்ளிவிட்டு எடுக்கலாம். இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் நட்ட பிறகும் முதல் இரண்டு வருடம் இந்தக் கிள்ளுகிற வேலை இருக்கிறது. ஒட்டு நன்றாகப் பிடித்ததும் நாடாவையும் வெட்டி எடுங்கள், தண்டு பருக்கும்போது அது இறுக்கும்.

தண்டில் பிடித்துத் தூக்குவது

வேண்டாம். பைக்கு அடியில் கை கொடுங்கள்.

வாழைக்குட்டியில் பெரிய இலை தேடுவது

நீர்வேலிக்குப் போய் வாழைக்குட்டி இல்லாமல் திரும்ப யாருக்கும் மனம் வராது. அகன்ற இலை விட்ட குட்டி கண்ணைக் கவரும், ஆனால் அடிக்கிழங்கு மெலிந்திருக்கும். இலை ஒடுங்கி வாள் மாதிரி நிற்கிற, அடி பருத்த குட்டியைக் கேளுங்கள். தாய்மரத்தையும் காட்டச் சொல்லுங்கள். அதன் உச்சியில் இலைகள் குறுகிக் கொத்தாக நெருங்கி நின்றால் அந்தத் தோட்டத்தில் ஒன்றும் வாங்காதீர்கள், அது குட்டியோடு பரவுகிற வைரஸ் நோய்.

வீதியோரம் இறக்கி நிறுத்துவது

ஊறிய செம்மண்ணில் சில்லு புதையும். தார் விட்டு இறங்காதீர்கள்.

வந்த கையோடு நடுவது

மழைக்குள் பையைக் கிழித்தால் ஊறிய மண் கரைந்து வேர் வெளியே வந்துவிடும். கன்றைத் தாழ்வாரத்தில் வைத்து, மழை விட்டதும் நடுங்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். தென்மராட்சி வயல் பக்கங்களில் அப்படியில்லை, நட வெட்டிய கிடங்கு குளமாகிவிடும். அங்கே மண்ணைக் குவித்து அதன்மேல் நடுங்கள். எங்கே நட்டாலும் ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். மழை அள்ளி வரும் மண் அதை மூடினால் அன்றைக்கே விலக்கிவிடுங்கள்.