பழைய சஃபாரியின் தொங்கும் கூரைத்துணியை மாற்றும் முறை

1998-இல் அறிமுகமான டாடா சஃபாரியின் முதல் தலைமுறை வண்டிகள் இன்றும் மலைச்சாலைகளிலும் தோட்டத்துப் பாதைகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் நன்றாக இருக்கும், சேசிஸும் உறுதியாக இருக்கும், ஆனால் உள்ளே ஏறி அமர்ந்தால் கூரைத்துணி தளர்ந்து தலையில் உரசும். முதலில் பின்கதவுக்கு மேலே ஓர் ஓரம் பிரியும், அடுத்த கோடையில் நடுப்பகுதி பை போலத் தொங்கும், அதற்கடுத்து ஓட்டுநரின் கண்ணாடிப் பார்வையை மறைக்கும். சீட் கடையில் கொடுத்தால் ஒரே நாளில் மாற்றித் தருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒரே நாளில் முடிப்பதற்காக அவர்கள் எந்த வேலையைச் சுருக்குகிறார்களோ, அந்த வேலையே புதுத்துணி எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பொறுமையும் உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம்.

துணி ஏன் தொங்குகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நாம் பார்க்கும் மெல்லிய துணியின் பின்புறம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனத்தில் பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டியிருக்கும். அந்த ஃபோம்தான் பசையால், கூரையின் உள்வடிவத்துக்கு ஏற்ப அச்சில் வார்த்த பலகையோடு பிடித்திருக்கிறது. வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது நம் ஊரில் சாதாரணம், கூரைத் தகடு அதைவிடவும் சூடாகும். இந்த வெப்பமும் காற்றின் ஈரமும் சேர்ந்து ஃபோமின் வேதிப் பிணைப்புகளை ஆண்டுக்கணக்கில் உடைத்து, கடைசியில் அதைப் பொடியாக்கிவிடுகின்றன. அதனால் தொங்கும் துணியைப் பிரித்துப் பார்த்தால் துணி கிழிந்திருக்காது, பழைய பசையும் பலகையில் அப்படியே இருக்கும், இரண்டுக்கும் நடுவில் இருந்த ஃபோம் மட்டும் மஞ்சள் தூளாகக் கொட்டும். குண்டூசி குத்துவது, ஊசிவழியே பசை செலுத்துவது, இருக்கிற துணியையே மறுபடி ஒட்டுவது ஆகிய எல்லாக் குறுக்குவழிகளும் தோற்பதற்கு இதுவே காரணம். தூளின் மேல் எந்தப் பசையும் நிற்காது.

இங்கே சொல்லும் முறை, அச்சில் வார்த்த பலகையின் மேல் துணி ஒட்டிய எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும். பழைய ஸ்கார்பியோவாக இருந்தாலும் பஜேரோவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான், திருகுகளும் கிளிப்புகளும் இருக்கும் இடம் மட்டும் மாறும். கம்பி வளைவுகளில் வினைல் இழுத்துக் கட்டிய மிகப் பழைய வண்டிகளுக்கும், கேன்வாஸ் கூரை ஜீப்புகளுக்கும் இது பொருந்தாது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள புதிய வண்டியானால், அந்த ஏர்பேக் கூரைத்துணியின் ஓரத்தில்தான் மடிந்திருக்கிறது என்பதால், வீட்டில் கை வைக்காமல் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவதே சரி.

துணி வாங்கும்போது "ரூஃப் லைனிங் துணி" என்றே கேட்டு, பின்புறம் ஃபோம் ஒட்டி வருவதை மட்டுமே வாங்க வேண்டும். ஏறக்குறைய 60 அங்குல அகலத்தில் வரும் இத்துணி சஃபாரி போன்ற நீளமான கூரைக்கு 3 மீட்டர் அளவில் தேவைப்படும் என்றாலும், பலகையை வெளியே எடுத்து அளந்து, எல்லாப் பக்கமும் 10 சென்டிமீட்டர் கூட்டிய பிறகு வாங்குவதே பாதுகாப்பானது. ஃபோம் இல்லாத துணியை ஒட்டினால் பலகையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் வெளியே தெரியும். ரெக்சின் கனமானது, சஃபாரியின் கூரை பின்னிருக்கைக்கு மேலே படிபோல உயரும் இடத்தில் அது வளைந்து உட்காராது. கறுப்பு வெல்வெட் போன்ற துணி இப்போது நாகரிகமாக இருக்கிறது, ஆனால் அது உள்ளே இருட்டைக் கூட்டுவதோடு ஒவ்வொரு தூசியையும் காட்டிக்கொடுக்கும். பழைய சாம்பல் நிறத்துக்கோ பழுப்பு நிறத்துக்கோ அருகிலான ஒன்றை எடுத்தால் வெயில் மறைக்கும் சன் வைசரும், கூரையைத் தாங்கும் தூண்களை (பில்லர்) மூடிய பிளாஸ்டிக்கும் தனியாகத் தெரியாது. நிறம் பார்க்கப் பழைய துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் செல்வது நல்லது, ஆனால் கைப்பிடிக்குப் பின்னால் வெயில் படாமல் இருந்த இடத்திலிருந்து வெட்ட வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் துணியும், புதுப்பேட்டையில் பழைய கிளிப்புகளும் கிடைக்கும்.

பசையில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மரவேலைக்கான வெள்ளைப் பசை இதற்கு உதவவே உதவாது. கைவினைப் பொருள்களுக்கான சாதாரண ஸ்பிரே பசையும் முதல் சித்திரை வெயிலிலேயே இளகிவிடும். இரண்டு பக்கமும் பூசிக் காயவிட்டு ஒட்டும் செயற்கை ரப்பர் பசையே வேண்டும், அதிலும் குறைந்தது 80 டிகிரி வெப்பம் தாங்கும் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதைத் தேடி வாங்க வேண்டும். கம்பிரஸரும் ஸ்பிரே துப்பாக்கியும் வாடகைக்குக் கிடைத்தால் மிக நல்லது. இல்லையென்றால் குட்டை மயிர் ரோலரால் பூசலாம். பிரஷ் கட்டிகட்டியாகப் பசையைத் தேக்கும் என்பதால் ஓரங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

காலத்தையும் யோசிக்க வேண்டும். பசையின் கரைப்பான் ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்வதால், ஈரம் மிகுந்த நாளில் காற்றின் நீராவி அதன்மேல் படிந்து ஒட்டும் தன்மையைக் கெடுத்துவிடும். எனவே ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் ஆகாது. ஆடிக் காற்றில் பறக்கும் புழுதி பூசிய பசையில் வந்து ஒட்டும் என்பதால் அதுவும் ஆகாது. தை முதல் பங்குனி வரை, வெயில் ஏறிய பிறகு, காற்றோட்டமுள்ள நிழலில் செய்வது உத்தமம்.

பிரிக்கத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுத் தொடங்கினால், இருபது ஆண்டுப் பழைய பிளாஸ்டிக் சற்று இளகி, பில்லர் ட்ரிம்கள் உடையாமல் கழன்று வரும். சன் வைசர்கள், ரூம் லைட், கைப்பிடிகள், கோட் மாட்டும் கொக்கிகள், மேலே ஏசி வென்ட் இருந்தால் அதன் மூடிகள் ஆகியவற்றை முதலில் கழற்ற வேண்டும். திருகுகள் சிறிய பிளாஸ்டிக் மூடிகளுக்குள் ஒளிந்திருக்கும் என்பதால், எது வரவில்லையோ அதை இழுப்பதற்கு முன் மூடி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு சீட் பெல்ட்டின் மேல் போல்ட்டுகளைக் கழற்றி, பில்லர் ட்ரிம்களை எடுத்து, கதவோரத்து ரப்பர் பீடிங்கை மேல்பகுதியில் மட்டும் கையால் கீழே இழுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பகுதியின் திருகுகளையும் தனி உறையில் போட்டுப் பெயர் எழுதி வைப்பதும், வயர்களைப் பிரிக்குமுன் படம் எடுத்து வைப்பதும் மாட்டும்போது பெரிய உதவியாக இருக்கும்.

கடைசிக் கிளிப்புகளை எடுக்கும்போது ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் பலகையை உள்ளங்கையால் தாங்கியிருக்க வேண்டும். முன் இருக்கைகளை முழுவதும் சாய்த்து, பின் இருக்கைகளை மடித்து, பக்கவாட்டில் திறக்கும் பின்கதவைக் கடைசிவரை விரித்து வைத்து, பலகையைச் சற்றே சாய்த்து வெளியே நகர்த்த வேண்டும். வழியில் தடுக்கும் எதையும் அகற்றுங்கள், இருக்கையைக் கழற்ற நேர்ந்தாலும் பரவாயில்லை. பலகையை மட்டும் வளைக்கக் கூடாது. ஒருமுறை மடிந்த கோடு புதுத்துணிக்குப் பின்னாலிருந்தும் தெரியும். ஏற்கனவே விரிசல் இருந்தால், பலகையின் பின்புறம் கண்ணாடியிழைத் துணித்துண்டும் ரெசினும் வைத்து ஒட்டிக் காயவிடலாம்.

இனி வருவதுதான் முழு வேலையின் உயிர்நாடி. பழைய துணியை ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்தால் அது எளிதாக வந்துவிடும், ஃபோம் பலகையிலேயே தங்கிவிடும். அதை நைலான் பிரஷ்ஷால், ஒரே திசையில், அதிகம் அழுத்தாமல் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பிப் பிரஷ் பலகையின் நாரைப் பிய்த்துவிடும். தண்ணீரோ தின்னரோ தூளைக் குழம்பாக்கிப் பலகைக்குள் இறக்கிவிடும் என்பதால் இரண்டும் கூடாது. மஞ்சளாகப் பறக்கும் இந்தத் தூள் வியர்வையில் பிசின்போல ஒட்டிக்கொள்ளும், நுரையீரலுக்கும் நல்லதல்ல. முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும், இதை வீட்டுக்குள் செய்யவும் கூடாது. பார்வைக்குச் சுத்தமாகத் தெரிந்த பிறகும் நிறுத்திவிடாமல், வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிட்டு, உலர்ந்த உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் மஞ்சள் படிந்தால் மீண்டும் பிரஷ்ஷை எடுக்க வேண்டியதுதான். பள்ளங்களிலும் விளக்குத் துளையின் ஓரத்திலும்தான் தூள் கடைசிவரை தங்கும், புதுத்துணி முதலில் பிரிவதும் அந்த இடங்களில்தான்.

பலகை வெளியே இருக்கும்போது கூரைத் தகட்டையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். கேரியர் போல்ட்டுகள், ஆன்டெனா, தகடுகள் சேரும் ஓரங்கள் ஆகியவற்றில் துரு இருக்கிறதா என்று பார்த்து, மேலிருந்து குழாயில் தண்ணீர் விட்டு ஒழுகலைச் சோதியுங்கள். ஒழுகும் கூரைக்குப் புதுத்துணி போடுவது வீண். துருவைத் தேய்த்து ப்ரைமர் அடித்து, ஓட்டையை அடைத்த பிறகு, விரும்பினால் தகட்டின் அதிர்வொலியைக் குறைக்கும் பியூட்டில் ரப்பர் தாளும் அதன்மேல் மெல்லிய வெப்பத்தடுப்பு ஃபோமும் ஒட்டலாம். மலிவாகக் கிடைக்கும் தார்த் தாள் நம் வெயிலில் உருகி வழிந்து நாற்றமடிக்கும், அதைத் தொடவே வேண்டாம். கனம் கூடினால் பலகை தன் இடத்தில் உட்காராது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலகையை இரண்டு மேசைகளில் வைத்து, வண்டிக்குள் தெரியும் பக்கம் மேலே இருக்கும்படி கிடத்தி, துணியை அதன்மேல் விரித்து நடுவில் பொருத்திப் பாருங்கள். துணியை இரு திசைகளிலும் இழுத்துப் பார்த்து, அதிகம் நீளும் திசை கூரையின் படிக்குக் குறுக்கே, அதாவது முன்னும் பின்னுமாக வருமாறு வைப்பது நல்லது. பிறகு முன்பாதித் துணியைப் பின்பாதியின் மேல் மடித்துவிட்டு, வெளிப்படும் பலகையிலும் ஃபோமிலும் பசையைச் சீராகப் பூச வேண்டும். ஃபோமில் மெல்லிய பூச்சே போதும். அதிகமானால் கரைப்பான் ஃபோமைக் கடந்து துணியில் கறையாக வந்து நிற்கும், காய்ந்த பின் அந்த இடம் கட்டியாகவும் இருக்கும். பலகை பசையை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அதற்கு மட்டும் இரண்டாம் பூச்சு கொடுக்கலாம். இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடியோ சிகரெட்டோ அடுப்போ எதுவும் இருக்கக் கூடாது.

டப்பாவில் குறிப்பிட்ட நேரம், வழக்கமாகப் பத்து முதல் பதினைந்து நிமிடம், காத்திருந்து, விரல் வைத்தால் ஒட்டாமல் லேசாகப் பற்றும் பதம் வந்ததும், மடித்த துணியை ஒருவர் உயர்த்திப் பிடிக்க, மற்றவர் நடுக்கோட்டிலிருந்து வெளிநோக்கி உள்ளங்கையால் தடவிக்கொண்டே வர வேண்டும். விரல்நுனியால் அழுத்தினால் ஃபோம் நசுங்கி, அந்தக் குழி நிரந்தரமாகத் தெரியும். படியும் பள்ளமும் வரும் இடத்தில் துணியை இழுத்துப் பாலம்போலக் கடந்துவிடுவது எல்லோருக்கும் வரும் ஆசை. அப்படி ஒட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும், ஆனால் இழுவையில் இருக்கும் துணி வெப்பம் ஏறும்போதெல்லாம் பசையைப் பிய்த்துக்கொண்டே இருக்கும். முதலில் பள்ளத்தின் அடியில் துணியைத் தளர்வாக உட்கார வைத்து, பிறகே மேட்டை நோக்கி ஏற வேண்டும். சுருக்கம் விழுந்தால் உடனே, மெதுவாக, அந்த இடத்தை மட்டும் தூக்கி மறுபடி படியவையுங்கள். முன்பாதி முடிந்ததும் பின்பாதியையும் இவ்வாறே செய்யலாம்.

ஓரங்களில் கூடுதல் துணியை, பீடிங் மூடும் இடங்களில் பலகையோடு ஒட்ட வெட்டிவிடலாம். கண்ணாடிக்கு மேலே முன்னும் பின்னும் வெளியே தெரியும் ஓரங்களில் 3 அல்லது 4 சென்டிமீட்டர் விட்டுப் பின்புறம் மடித்து ஒட்ட வேண்டும். விளக்குத் துளையை அளவாக வெட்டி எடுத்துவிடாமல், நடுவிலிருந்து மூலைகளுக்குக் கீறி, அந்த நாக்குகளைப் பின்னால் மடித்து ஒட்டுங்கள். திருகுத் துளைகளைப் பின்புறமிருந்து கோணூசியால் குத்தி அடையாளம் செய்தால் போதும். ஒருநாள் முழுவதும் நிழலில் சமமாக வைத்துவிட்டே வண்டியில் ஏற்ற வேண்டும்.

மாட்டும்போது முதலில் ரூம் லைட்டையும் சன் வைசர்களையும் இரண்டொரு திருகில் தளர்வாகப் பிடித்து, துளைகள் எல்லாம் நேராக வந்த பிறகே முறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டுகளைச் சர்வீஸ் கையேடு சொல்லும் முறுக்கு அளவுக்கு டார்க் ரென்ச் வைத்து இறுக்க வேண்டும், கைக்கணக்கு இங்கே கூடாது. முதல் சில நாள் பசை வாடை போகும்வரை கண்ணாடிகளைச் சற்று இறக்கி நிறுத்துங்கள். வாரம் ஒன்று கழித்து எங்காவது சிறிய குமிழ் தென்பட்டால், மெல்லிய ஊசியால் அதே பசையில் ஒரு சொட்டைச் செலுத்தி உள்ளங்கையால் அழுத்தினால் படிந்துவிடும். தூள் துடைத்த பலகையில், நல்ல ஃபோமுக்கு மட்டுமே இந்த வித்தை பலிக்கும்.