ஃபினான்ஸில் வாங்கிய பழைய காரின் எஞ்சின் போய்விட்டதா? பிரிட்டனில் செய்ய வேண்டியவை, படிப்படியாக

பிரிட்டனில் செகண்ட் ஹேண்ட் கார் நடுவழியில் நின்றால் எல்லோரும் முதலில் போன் போடுவது டீலருக்குத்தான். அவரிடம் பதில் தயாராக இருக்கும். "வாரண்டி முடிஞ்சுது." "பழைய கார்தானே." "எம்.ஓ.டி. (வண்டியின் வருடாந்தரச் சோதனை) பாஸாகித்தானே தந்தோம்." இதைக் கேட்டுவிட்டுப் பலர் புது எஞ்சினுக்குக் கடன் தேடப் போய்விடுகிறார்கள். பழைய கடன் ஓடும், புதுக் கடனும் ஓடும், கார் மட்டும் ஓடாது.

டீலர் என்ன சொன்னாலும், கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர். எச்.பி. (ஹயர் பர்ச்சேஸ், தவணைக் கொள்முதல்) அல்லது பி.சி.பி. (பெர்சனல் கான்ட்ராக்ட் பர்ச்சேஸ், கடைசியில் பெரிய தொகை கட்டிச் சொந்தமாக்குவது) முறையில் கார் எடுக்கும்போது டீலர் அந்தக் காரை ஃபினான்ஸ் கம்பெனிக்கு விற்றுவிடுகிறார். கம்பெனி அதை உங்களுக்குத் தவணைக்குக் கொடுக்கிறது. கடைசித் தவணையும் காரைச் சொந்தமாக்கும் கட்டணமும் கட்டி முடியும்வரை கார் அவர்களுடையது. வி5சி லாக்புக்கில் உங்கள் பெயர் இருக்கிறதே என்றால், அது வண்டியை வைத்திருப்பவரின் பெயர் மட்டுமே, சொந்தக்காரரின் பெயர் என்று அர்த்தமில்லை. ஆகவே, பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்லும் கடமை ஃபினான்ஸ் கம்பெனியின் தலையில் விழுகிறது. டீலர் கடையைப் பூட்டிவிட்டு ஓடிப்போனாலும் அந்தப் பொறுப்பு மாறாது.

படி 1: ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்

முதல் பக்கத்தின் தலைப்பிலேயே எந்த வகை என்று இருக்கும். எச்.பி., பி.சி.பி., கண்டிஷனல் சேல் (தவணை முடிந்ததும் தானாகச் சொந்தமாகும் விற்பனை) என்றால் இந்தக் கட்டுரை முழுக்க உங்களுக்குப் பொருந்தும்.

நீங்களாக வங்கியில் பெர்சனல் லோன் எடுத்து, அந்தப் பணத்தை டீலரிடம் கட்டியிருந்தால் கார் உங்களுடையது, கேள்வி கேட்க வேண்டியதும் டீலரைத்தான். அப்படி வாங்கும்போது ஒரு சிறு தொகையையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு உதவும். காரின் விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்கு மிகாமலும் இருந்தால், டீலரின் தவறுக்குக் கார்டு கம்பெனியும் சேர்ந்து பொறுப்பு.

மினிகாப் ஓட்டவோ டெலிவரிக்கோ எடுத்த காரா? பெரும்பாலும் தொழிலுக்கே ஓடுகிறது என்றால் நுகர்வோர் சட்டம் அப்படியே பொருந்தாது. வேறு சட்டப் பாதுகாப்பு உண்டு, ஆனால் கீழே வரும் நாள் கணக்கை நம்பி இருக்க வேண்டாம்.

படி 2: எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள்

நல்ல கேஸ்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வீடு இன்னும் இரண்டு மைல்தானே என்று ஓட்டினால், எஞ்சினைக் கெடுத்தது நீங்கள்தான் என்று பிறகு எழுதுவார்கள். நின்ற இடத்திலேயே எரியும் விளக்குகளையும் ஓடிய மைல் கணக்கையும் போட்டோ எடுங்கள். எஞ்சின் ஆறியபின் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவையும் எடுங்கள். இழுத்துச்செல்ல வந்தவர் தரும் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அது தேதியும் நேரமும் போட்ட சாட்சி.

பிறகு ஒரு கராஜில் ஸ்கேன் செய்து, வந்த பிழைக் குறியீடுகளையும் மெக்கானிக்கின் கருத்தையும் எழுத்தில் வாங்குங்கள். அதோடு நிறுத்துங்கள். தெரிந்த அண்ணன் ஒருவர் "திறந்து பார்த்தால்தான் தெரியும், மலிவாய்ச் செய்து தாறன்" என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் கார் ஃபினான்ஸ் கம்பெனியுடையது, பிரித்துப்போட்ட எஞ்சினில் எது எப்போது உடைந்தது என்று எந்த நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும் என்றால் கம்பெனியின் சம்மதத்தை ஈமெயிலில் வாங்கிக்கொண்டு திறக்கச் சொல்லுங்கள்.

கார் நிற்கும் கராஜில் நாள் வாடகை உண்டா என்பதை முதல் நாளே கேளுங்கள். சொந்த டிரைவ்வேயில் நிறுத்தினால் சோர்ன் (கார் சாலையில் ஓடாது என்ற அரசுப் பதிவு) போட்டு ரோடு டாக்ஸை நிறுத்தலாம். தெருவில் நிற்கிற காருக்கு அது செல்லாது.

படி 3: நாளை எண்ணுங்கள்

கார் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு தொடங்கும்.

முதல் 30 நாள்: குறை இருக்கிறது என்று காட்டினால் காரையே வேண்டாம் என்று திருப்பிக்கொடுத்து முழுப் பணம் கேட்கலாம். ரிப்பேர் செய்ய இன்னொரு வாய்ப்புத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் குறை முன்பே இருந்தது என்று காட்டும் பாரம் இந்தக் கட்டத்தில் உங்களுடையது. நீங்கள் ரிப்பேருக்குச் சம்மதித்தால், கார் ரிப்பேரில் இருக்கும் நாள்கள் 30இல் சேராது.

30 நாள் தாண்டி ஆறு மாதத்துக்குள்: ஃபினான்ஸ் கம்பெனிக்கு ஒரு முறை ரிப்பேர் செய்யும் வாய்ப்பு உண்டு. செலவு அவர்களுடையது, நியாயமான காலத்துக்குள் முடிக்கவும் வேண்டும். அது சரிவராவிட்டால் காரைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது விலைக்குறைப்பு கேட்டுக் காரை வைத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டத்தில் பெரிய நன்மை ஒன்று உண்டு: வெளிப்பட்ட குறை, கார் கொடுத்த அன்றே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் வேலை. மற்றப் பொருள்களுக்கு ஆறு மாதத்துக்குள் உபயோகக் கழிவு பிடிக்க முடியாது. கார்களுக்கு மட்டும் விதிவிலக்கு, ஓட்டிய மைலுக்கு ஒரு தொகையைக் கழிப்பார்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு: உரிமை இருக்கிறது, நிரூபிக்கும் பாரம் உங்களிடம் வந்துவிடுகிறது. வழக்குப் போட இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் ஆறு ஆண்டு, ஸ்காட்லாந்தில் ஐந்து ஆண்டு வரை அவகாசம்.

எஞ்சின் போனாலே வெற்றி என்று நினைத்துவிட வேண்டாம். வயது, ஓடிய மைல், கொடுத்த விலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தரத்தை அளப்பார்கள். 1,30,000 மைல் ஓடிய 2,000 பவுண்டு காருக்கும், 35,000 மைல் ஓடிய 12,000 பவுண்டு காருக்கும் ஒரே எதிர்பார்ப்பு கிடையாது. இரண்டாவது காரில் உங்கள் கையில் இருக்கும் பலமான வாதம் நீடித்த உழைப்பு. அதுவும் தரத்தின் ஒரு பகுதி என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

ஒரு உதாரணம். ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், பெஜோ, சிட்ரோன் கார்களில் வந்த 1.2 ப்யூர்டெக் எஞ்சின்களில் பலவற்றில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. பெல்ட் சிதையத் தொடங்கினால் ரப்பர் துகள்கள் ஆயில் பம்ப் உறிஞ்சும் வலைச்சல்லடையை அடைக்கும், ஆயில் அழுத்தம் விழும், பிறகு எஞ்சினே போய்விடும். ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை இது. கார் வாங்கி இரண்டு மாதத்தில் இப்படி நின்றால், சிதைவு டீலரின் முற்றத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று சொல்ல நல்ல அடிப்படை இருக்கிறது. அதே நேரம் நீங்கள் சர்வீஸைத் தவறவிட்டிருந்தால், தவறான ஆயில் ஊற்றியிருந்தால், எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ரசீதுகளைத் தேடி எடுங்கள்.

எம்.ஓ.டி. பாஸ் என்ற பதிலுக்குப் பயப்பட வேண்டாம். அந்தச் சோதனை எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸின் நிலையைப் பார்ப்பதே இல்லை. ஆனால் பழைய எம்.ஓ.டி. வரலாறு அரசு இணையதளத்தில் இலவசம், நம்பர் பிளேட்டை அடித்தால் போதும். முன்பே "ஆயில் கசிவு" என்று எச்சரிக்கை இருந்தால் அதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஃபினான்ஸ் கம்பெனிக்கு எழுதுங்கள்

போனில் சொன்னாலும் புகார் புகார்தான். ஆனாலும் ஈமெயில் அனுப்புங்கள், டீலருக்கும் நகல் போடுங்கள். தலைப்பிலேயே இது புகார் என்று தெரியட்டும். உள்ளே ஒப்பந்த எண், காரின் எண், கைக்கு வந்த தேதி, அன்றைய மைல், நின்ற தேதி, அன்றைய மைல், கராஜ் சொன்னது, இவ்வளவும் வரட்டும். பிறகு, 2015 சட்டப்படி கார் திருப்திகரமான தரத்தில் இல்லை என்று ஒரு வரி. கடைசியில் நீங்கள் கேட்பது ரிப்பேரா, திருப்பிக்கொடுப்பதா என்று நேராக எழுதுங்கள். 30 நாளுக்குள் என்றால் "காரை நிராகரிக்கிறேன்" என்பது ஐயமில்லாமல் இருக்க வேண்டும். "மிகவும் மனவருத்தமாக இருக்கிறது" என்று மூன்று பக்கம் எழுதினால், எதைக் கேட்கிறீர்கள் என்பது அதற்குள் காணாமல் போய்விடும்.

டீலர் விற்கும்போது வாயால் சொன்னதும் கணக்கில் சேரும். "பெல்ட் மாத்தியாச்சு" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால், 1974 சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி அது ஃபினான்ஸ் கம்பெனியின் சார்பில் சொன்னதாகவே கருதப்படும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான்.

படி 5: தவணையை நிறுத்தாதீர்கள்

ஓடாத காருக்கு ஏன் கட்ட வேண்டும் என்ற கோபம் நியாயம். ஆனால் நிறுத்தினால் பாக்கி விழும், கிரெடிட் ஃபைலில் கறை விழும், புகாரோடு இரண்டாவது சண்டையும் சேரும். கட்டிக்கொண்டே, ஓட்ட முடியாத மாதங்களின் தவணையைத் திருப்பிக் கேளுங்கள். கட்டவே முடியாத நிலை என்றால் அதை முன்கூட்டியே அவர்களிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

படி 6: தனி நிபுணரின் ரிப்போர்ட்

கம்பெனி தானே ஒரு பரிசோதகரை அனுப்பலாம். ஆறு மாதம் தாண்டியிருந்தால் உங்களுக்கென்று ஒருவர் கட்டாயம் தேவை. வெறுமனே "எஞ்சின் போய்விட்டது" என்று எழுதிய ரிப்போர்ட் காசுக்குப் பிடித்த கேடு. என்ன உடைந்தது, ஏன் உடைந்தது, கார் கொடுத்த அன்றே அது இருந்ததா அல்லது உருவாகிக்கொண்டிருந்ததா, இந்த வயதுக்கும் மைலுக்கும் அது சாதாரணத் தேய்மானமா, இந்தக் கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பதில் வாங்குங்கள். கேஸ் உங்கள் பக்கம் முடிந்தால் அந்தக் கட்டணத்தையும் வண்டி இழுத்த செலவையும் கேட்கலாம்.

படி 7: எட்டு வாரம், பிறகு ஆம்பட்ஸ்மன்

இறுதிப் பதில் தர ஃபினான்ஸ் கம்பெனிக்கு எட்டு வாரம் உண்டு. அதற்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் பிடிக்காவிட்டாலும், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்க்கும் ஃபினான்ஷியல் ஆம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். இறுதிப் பதிலின் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. கிடைப்பதில் பங்கு கேட்கும் கிளெய்ம் கம்பெனிகளுக்கு இங்கே வேலையே இல்லை. முதலில் ஒரு விசாரணையாளர் கருத்துச் சொல்வார். ஏதாவது ஒரு தரப்பு ஏற்காவிட்டால் ஆம்பட்ஸ்மன் முடிவெடுப்பார். அதை நீங்கள் ஏற்றால் கம்பெனி கட்டுப்பட்டே ஆக வேண்டும். தொலைபேசி 0800 023 4567. ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு முன்னரே யோசனை வேண்டுமானால் இலவச ஆலோசனை அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸின் நுகர்வோர் எண் 0808 223 1133.

இடையில் வரும் வலைகள்

"காரைக் கொண்டுவந்து விடுங்கோ, முடிச்சுத் தாறம்" என்று சொல்லி நீட்டும் படிவம் வாலண்டரி டெர்மினேஷனாக (நீங்களாகவே ஒப்பந்தத்தை முன்கூட்டி முடிப்பது) இருக்கலாம். அது வேறு வழி. அதில் மொத்தத் தொகையில் பாதி வரை நீங்கள் கட்டியாக வேண்டும், டெபாசிட் திரும்பாது. குறைக்காகத் திருப்பிக்கொடுப்பதோடு அதைக் குழப்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேறு கார் தருகிறோம் என்று பழைய கடனைப் புதுக் கடனுக்குள் தள்ளுவது இன்னொன்று. "பார்த்தபடி விற்கப்பட்டது" என்று பில்லில் எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். வியாபாரி நுகர்வோருக்குக் கொடுக்கும் காரில் அந்த வரி உங்கள் உரிமையைக் குறைக்காது. வாரண்டி கம்பெனி மறுத்ததும் அப்படியே, வாரண்டி என்பது சட்ட உரிமைக்கு மேல் கிடைப்பது.

திருப்பி எடுக்கச் சம்மதித்துவிட்டால்

பணம் தர வேண்டும் என்று ஒப்புக்கொண்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் தர வேண்டும். ஒப்பந்தம் முடிந்தது, மேற்கொண்டு பாக்கி இல்லை, கிரெடிட் ஃபைலில் பாதகமான பதிவு இராது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய காரைப் பகுதி விலையாகக் கொடுத்திருந்தால் அதன் மதிப்பும் டெபாசிட்டோடு சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள், மறந்துபோவது அதுதான். ஓடாத காரை எடுத்துப் போகும் செலவு அவர்களுடையது. லாரி வரும் அன்று மைல் கணக்கை இன்னொரு முறை போட்டோ எடுங்கள், டாஷ்கேமையும் பிள்ளையின் சீட்டையும் கழற்றுங்கள், கார் போன பிறகு வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவியுங்கள், அதற்குப் பிறகே இன்சூரன்ஸை நிறுத்துங்கள்.