குஞ்சுத் தொட்டியை ஒரே நாளில் கழுவித் துடைக்காதீர்கள்

கப்பியோ மொலியோ பிளாட்டியோ, எந்த வளர்ப்பு மீனானாலும் குஞ்சு போட்ட முதல் கிழமை எல்லாம் நன்றாகத்தான் போகும். இரண்டாம் கிழமை தரையில் பழுப்பாக ஏதோ படியத் தொடங்கும், கண்ணாடியில் பச்சை பிடிக்கும், பார்க்கிறவருக்குப் பொறுக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குஞ்சுகளை வாளிக்குள் பிடித்துவிட்டு, செடிகளைப் பிடுங்கி, மணலை அலசி, பில்ரர் ஸ்பொஞ்சைக் குழாயடியில் வெள்ளைத் தண்ணி வரும்வரை பிழிந்து, புதுத் தண்ணி நிரப்பி விடுவார்கள். அன்று பின்னேரம் தொட்டி வடிவாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், வால் ஒடுங்கும், பிறகு ஒவ்வொன்றாகச் சாகும். உடனே கடைக்காரர் நோய் மீன் தந்துவிட்டார் என்றுதான் கனபேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மீனில் ஒரு பிழையும் இல்லை, அந்தக் கழுவல்தான் கொன்றது.

மீன் விடும் கழிவும் மிஞ்சிய சாப்பாடும் கடைசியில் அமோனியாவாகத்தான் மாறும். அதை ஒரு வகைப் பற்றீரியா நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் குஞ்சுக்கு நஞ்சு. மூன்றாவதை ஓரளவு தாங்கும், செடியும் அதை எடுத்துக்கொள்ளும். இந்தப் பற்றீரியா தண்ணிக்குள் மிதந்து திரிவது மிகக் குறைவு. ஸ்பொஞ்சிலும் மணலிலும் இலையிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும். புதுத் தொட்டி ஒன்றில் இவை போதுமான அளவு பெருக 4 முதல் 6 கிழமை பிடிக்கும், அப்படிப் பெருகியதை ஒரே காலையில் கழுவி ஊற்றினால் தொட்டி மறுபடி முதலாம் நாளுக்குப் போய்விடும், குஞ்சுகளோ பசியோடும் கழிவோடும் அதற்குள்ளேயே இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் கூடுதலாகக் கடிக்கும். எங்கள் தரை சுண்ணாம்புக்கல், அதனால் கிணற்றுத் தண்ணி கடினமானது, தண்ணியின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு பெரும்பாலும் 7க்கு மேலே நிற்கும். கப்பிக்கும் மொலிக்கும் அது பிடித்த தண்ணி, அந்த வகையில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் பிஎச் ஏற ஏற அமோனியாவின் நஞ்சும் ஏறும். 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பிஎச் 7 என்றால், கரைந்திருக்கும் அமோனியாவில் நஞ்சான வடிவில் இருப்பது 100இல் ஒரு பங்கிலும் குறைவு. பிஎச் 8 என்றால் ஏறத்தாழ 7 பங்கு. மென்நீர் உள்ள நாட்டில் இருக்கும் ஒருவர் வீடியோவில் "கிழமைக்கு ஒருக்கால் பார்த்தால் போதும்" என்று சொன்னால் அது அவருடைய தண்ணிக்குச் சரியாக இருக்கலாம். இங்கே அதே அளவு அழுக்கு குஞ்சைக் கொல்லும்.

சரி, அழுக்கு எங்கிருந்து வருகிறது? குஞ்சுத் தொட்டியில் முக்கால்வாசி சாப்பாட்டிலிருந்துதான். அதிலும் அவித்த முட்டை மஞ்சட்கரு. எங்கள் பக்கம் குஞ்சு என்றாலே மஞ்சட்கரு என்று ஒரு பழக்கம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கொஞ்சம் கரைத்து ஊற்றினாலே தண்ணி பால் கலங்கியது போலாகும், குஞ்சு தின்றது போக மிச்சம் மணலுக்குள்ளும் பாசிக்குள்ளும் இறங்கி, பங்குனி சித்திரை வெயிலில் சில மணித்தியாலத்திலேயே அழுகத் தொடங்கும். கப்பிக் குஞ்சு பிறக்கும்போதே நன்றாக நீந்தும், விரலால் தூளாக்கிய சாதாரண மீன் சாப்பாட்டை முதல் நாளே தின்னும், அதற்கு மஞ்சட்கரு தேவையே இல்லை. பைட்டர், குராமி போன்றவற்றின் குஞ்சுதான் மிகச் சிறியது, அதற்கும் முதல் சில நாளைக்குச் செடியிலும் மொஸ் என்கிற அடர்ந்த சிறு நீர்ச்செடியிலும் தானாக உண்டாகும் நுண்ணுயிர்களே நல்ல சாப்பாடு.

உண்மையில் குஞ்சை வளர்த்தெடுப்பது ஆர்ட்டீமியாதான், உப்புத் தண்ணியில் வாழும் இறால் போன்ற மிகச் சிறிய உயிர். ஒரு லீற்றர் தண்ணிக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, வெளிச்சம், நிறையக் காற்று, 28 பாகை அளவு சூடு இருந்தால் அதன் முட்டை 24 மணித்தியாலத்தில் பொரிக்கும், எங்கள் ஊரில் ஹீற்றர்கூடத் தேவைப்படாத நாட்கள்தான் அதிகம். இதில் நடக்கும் பிழை, பொரித்ததை அப்படியே உப்புத் தண்ணியோடும் கோதோடும் தொட்டிக்குள் ஊற்றுவது. காற்றை நிற்பாட்டிப் பத்து நிமிடம் விட்டால் கோது மேலே வரும், உயிருள்ளவை அடியில் வெளிச்சப் பக்கம் சேரும். அதை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சி, நெருக்கமான துணியில் வடித்து, நல்ல தண்ணியில் ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள். நன்னீரில் அவை சில மணித்தியாலம்தான் உயிரோடு இருக்கும், அதனால் ஒரேயடியாகக் கொட்டாமல் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். மீன் குஞ்சின் வயிறு செம்மஞ்சளாகத் தெரிந்தால் போதும்.

ஆர்ட்டீமியா அளவுக்கு மிஞ்சினால் இன்னொன்றும் வரும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாகக் கையை விரிக்கும் ஹைட்ரா. அது புதிதாகப் பிறந்த சிறு குஞ்சைப் பிடித்துத் தின்னும். மருந்து தேடி ஓடுவதற்கு முன்னால் சாப்பாட்டைக் குறையுங்கள்.

அழுக்கை எடுக்கும் வேலை தினமும் ஐந்து நிமிட வேலை, கிழமையில் ஒரு நாள் செய்யும் வேலை அல்ல. எயார் பம்புக்குப் பாவிக்கிற மெல்லிய ரியூப் ஒன்றே போதும். ஒரு முனையைத் தரையில் சாப்பாடு விழுகிற இடத்துக்கு மேலே பிடித்து, மறு முனையை வெள்ளை வாளிக்குள் விடுங்கள். வெள்ளையாக இருந்தால்தான் தவறிப் போன குஞ்சு கண்ணில் படும், அதை ஒரு கரண்டியால் எடுத்துத் திரும்ப விடலாம். பெரிய குழாயால் இழுத்தால் குஞ்சும் செடியும் மணலும் சேர்ந்து போகும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி 56 லீற்றர் அளவு கொள்ளும், மணலும் மேல் இடைவெளியும் போக 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நாளைக்கு 5 லீற்றர் எடுத்து 5 லீற்றர் விட்டால் குஞ்சுக்கு அதிர்ச்சியே இல்லை. ஸ்பொஞ்சை, வாளிக்குள் எடுத்த அந்தப் பழைய தண்ணியிலேயே இரண்டு தடவை மெதுவாகப் பிழியுங்கள், அதுவும் காற்றுக் குமிழி குறைந்தால் மட்டும். சவர்க்காரம் தொட்டிக்குக் கிட்டவும் வரக்கூடாது.

ஆவியாகிப் போன தண்ணிக்குப் பதிலாக ஊற்றிக்கொண்டே இருப்பதைத் தண்ணி மாற்றுவது என்று கனபேர் நினைக்கிறார்கள். நீர் மட்டும்தான் ஆவியாகும், சுண்ணாம்பும் உப்பும் நைத்திரேற்றும் உள்ளேயே நின்று சேரும். கண்ணாடியின் மேல் விளிம்பில் வெள்ளைக் கோடு விழுவது அதனால்தான்.

தண்ணியைப் பற்றிச் சொன்னால் இரண்டு விஷயம். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் கிணறுகள் பலவற்றில் உரத்தால் நைத்திரேற்று கூட. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியவையும் இருக்கின்றன. அப்படியான தண்ணியை எவ்வளவு மாற்றினாலும் பாசி குறையாது, அங்கே வேகமாக வளரும் செடிதான் கைகொடுக்கும். மற்றது, வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரீன் போடுவார்கள். அந்த நாட்களில் கிணற்றுத் தண்ணியையும் குழாய்த் தண்ணி மாதிரியே ஒரு நாள் திறந்த வாளியில் காற்று ஓடவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் குளோரீனை நீக்கும் தயோசல்பேற்றுப் போடுங்கள்.

மாரியில் மழைத் தண்ணியை மட்டும் நிரப்பிக் குஞ்சு வளர்ப்பதும் ஆபத்துதான். மழைத் தண்ணியில் சுண்ணாம்பு இல்லாததால் கழிவு சேரச் சேர பிஎச் இறங்கிக்கொண்டே போகும், அமோனியாவும் நஞ்சில்லாத வடிவில் சத்தமில்லாமல் நிறையச் சேர்ந்திருக்கும். ஒரு நாள் பாதித் தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணி விட்டால் பிஎச் சட்டென்று ஏறி, சேர்ந்ததெல்லாம் நஞ்சாகும். இரண்டையும் கலந்து, எப்போதும் ஒரே அளவில் கலந்து பாவியுங்கள்.

செடி இருந்தால் சுத்தம் தானாக வரும் என்பதும் பாதி உண்மைதான். வளரும் செடி அமோனியாவை உறிஞ்சும், அழுகும் இலை அமோனியாவை விடும். மஞ்சளான வல்லிஸ்நேரியா இலையை அடியோடு கிள்ளி எடுங்கள். ஜாவா மொஸ்ஸை ஒரு கையளவுக்கு மேல் அடர விடாதீர்கள், நடுவில் சாப்பாடு சிக்கி அழுகுவது வெளியே தெரியாது. குளத்திலோ கேணியிலோ எடுத்த செடியை நேரே போட வேண்டாம், தும்பியின் குடம்பி ஒன்று ஒளிந்து வந்தாலே நாளுக்கு நாள் குஞ்சு குறையும். வெளிர் ஊதா நிறத்தில் கரைத்த கொண்டிஸ் (பொட்டாசியம் பெர்மங்கனேற்று) தண்ணியில் பத்து நிமிடம் வைத்து, அலசி, ஒவ்வொரு தண்டாகப் பார்த்துப் போடுங்கள்.

பச்சைத் தண்ணிக்குப் பயந்து பாசி மருந்து ஊற்றுவதை நான் எந்தக் காலத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவற்றில் பலவற்றில் செம்பு இருக்கிறது, நத்தையையும் இறாலையும் கொல்லும், குஞ்சுக்கும் கேடு. பச்சைத் தண்ணி குஞ்சை ஒன்றும் செய்யாது, அதில் குஞ்சு நன்றாகவே வளரும். முன் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு மற்ற மூன்று பக்கமும் பாசியை விட்டுவிடுங்கள், குஞ்சு அதை நாள் முழுக்கக் கொத்தித் தின்னும்.

நுளம்புக்குப் புகை அடிக்கிற நாளிலும், வீட்டுக்குள் நுளம்பு ஸ்பிரே அடிக்கும்போதும் எயார் பம்பை நிற்பாட்டி, தொட்டியை ஈரத் துணியால் மூடுங்கள். அந்த மருந்துகளில் பெரும்பாலானவை மீனுக்குக் கடும் நஞ்சு, பம்ப் ஓடினால் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணிக்குள் விடும். புகை அடங்கி அறை காற்றோட்டமான பிறகுதான் மூடியைத் திறந்து பம்பைப் போட வேண்டும்.

கடைசியாக, எண்ணிக்கை. ஒரு தாய்க் கப்பி ஒருமுறை சேர்ந்தாலே மாதத்துக்கு ஒருக்கால் என்று பல தடவை குஞ்சு போடும், எல்லாவற்றையும் அந்த 45 லீற்றருக்குள்ளேயே வைத்திருந்தால் எந்தச் சுத்தமும் ஈடுகொடுக்காது. நாலைந்து கிழமையில் ஆண் குஞ்சின் அடிச் செட்டை கூராகத் தொடங்கும். அப்போதே ஆணையும் பெண்ணையும் வேறு வேறாக்கி, வளர்ந்தவற்றை வெளியே உள்ள சீமெந்துத் தொட்டிக்கு மாற்றி, தேவைக்கு மிஞ்சியதை மீன் வளர்க்கும் அயலவருக்குக் கொடுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள்.